பிரசவ அறையில் மானமும் மறைப்பும்: எதைத் திறந்தாக வேண்டும், எதைக் கேட்டு மூடிக்கொள்ளலாம்

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம், எட்டாவது மாதம் நடக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெயர் கொடுத்திருக்கிறோம். "லேபர் வார்டுல துணியே இல்லாம படுக்க வச்சிருவாங்க, யார் யாரோ வந்து பாப்பாங்க" என்று பக்கத்து வீட்டில் சொன்னதிலிருந்து தூக்கம் வரவில்லை. ஆண் டாக்டர் வந்தால் வேண்டாம் என்று சொல்லலாமா? மூடிக்கொள்ளவே முடியாதா?

பதில்:

தலை முதல் கால் வரை துணியில்லாமல் கிடக்க வேண்டிய நிமிடம் என்று சுகப்பிரசவத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இடுப்புக்குக் கீழே திறந்துதான் ஆக வேண்டிய வேளைகள் மூன்று: உள்சோதனை செய்யும் சில நிமிடங்கள், குழந்தையின் தலை வெளியே தெரியத் தொடங்கியதிலிருந்து நஞ்சுக்கொடி விழும் வரை, அதன் பிறகு தையல் இருந்தால் தையல் போடும் நேரம். மற்ற நேரமெல்லாம் ஒரு பெட்ஷீட்டும் ஒரு ஸ்க்ரீனும் இருந்தால் போதும். பல இடங்களில் இந்த இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் போடப்படுவதில்லை என்பதுதான் உங்கள் பக்கத்து வீட்டார் சொன்னதில் உள்ள உண்மை. வேலை நெருக்கடியில் அவர்களுக்கு மறந்துபோவதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். என்ன கேட்பது, எப்போது கேட்பது என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வலி வந்த பிறகு வார்த்தை வராது.

இந்தக் கூச்சத்தை "பிள்ளை பெறப் போறவளுக்கு என்ன வெக்கம்" என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து வலியை நடத்துவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். பயமும் கூச்சமும் வந்தால் அட்ரினலின் கூடும், வலி தளர்ந்துபோகக்கூடும். 1966-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நைல்ஸ் நியூட்டனும் அவருடன் வேலை செய்தவர்களும் குட்டி போட்டுக்கொண்டிருந்த சுண்டெலிகளை இடம் மாற்றித் தொந்தரவு செய்து பார்த்தார்கள். அடுத்த குட்டி வெளிவர நேரம் கூடியது. பசு கன்று ஈனும்போது தொழுவத்தைச் சுற்றி ஆளை நிற்க விடாத நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. வீட்டில் நன்றாக வந்துகொண்டிருந்த வலி லேபர் வார்டு வாசலில் திடீரென்று நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடையிலிருந்து தொடங்குகிறேன். சில மருத்துவமனைகளில் அவர்களே கவுன் கொடுப்பார்கள், சில இடங்களில் உங்கள் நைட்டியே போதும் என்பார்கள். கவுன் பெரும்பாலும் பின்பக்கம் திறந்து, கழுத்திலும் முதுகிலும் மட்டும் நாடா கட்டுவதாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் பின்னால் முழுக்கத் தெரியும். அதற்கு எளிய வழி: இன்னொரு கவுனைக் கேட்டு வாங்கி, முதலாவதின் மேல் முன்பக்கம் திறந்த மாதிரிப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது கிடைக்காவிட்டால் ஒரு மெல்லிய பருத்திப் பாவாடையோ லுங்கியோ உள்ளே இருக்கட்டும். சோதனைக்கு அதைத் தூக்கினால் போதும், கழற்ற வேண்டியதில்லை. சொந்த நைட்டி என்றால் கழுத்திலிருந்து வயிறு வரை ஜிப்போ பட்டனோ உள்ளதாகவும், கை அகலமாகவும் இருப்பது நல்லது. கையில் ஊசி ஏறி டிரிப்ஸ் ஓடத் தொடங்கிய பிறகு இறுக்கமான நைட்டிக் கையைக் கழற்ற முடியாமல் அதைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார்கள். முழுக்கை வேண்டும் என்கிறவர்கள் முழங்கை வரை சுருட்ட முடிகிற தொளதொளப்பான கையைத் தைத்துக்கொள்ளுங்கள். தலையை மூடியே இருக்க வேண்டும் என்கிற முஸ்லிம் பெண்கள் ஊசி குத்தாத, பின் இல்லாத, இழுத்து மாட்டும் பருத்தித் துணியாக இரண்டு எடுத்துச் செல்லலாம். ஒன்று வியர்வையில் நனைந்துவிடும். நைட்டி கறைபடும் என்பதால் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடர்நிறப் பெட்ஷீட் இரண்டு, பெரிய துண்டு இரண்டு, அகலமான நாப்கின் இரண்டு பாக்கெட். இந்தப் பெட்ஷீட்டுகளை மூட்டையின் அடியில் வைக்காமல் மேலேயே வையுங்கள்.

பலருக்கு எதைவிடவும் அதிகமாகப் பயம் தருவது உள்சோதனை. கேஸ் ஷீட்டில் "பி.வி." என்று எழுதுவது இதைத்தான். கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, பனிக்குடம் உடைந்துவிட்டதா என்று இரண்டு விரல்களால் தொட்டுப் பார்ப்பது. இதை ஒழுங்காகச் செய்யும் முறை ஒன்று இருக்கிறது. சிஸ்டரோ டாக்டரோ முதலில் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். நீங்கள் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். ஸ்க்ரீன் இழுத்த பிறகு நீங்கள் மல்லாந்து படுக்கிறீர்கள். பெட்ஷீட்டை ஒரு முனை உங்கள் நெஞ்சுப் பக்கமும், எதிர்முனை கால்களுக்கு நடுவிலும், மற்ற இரண்டு முனைகளும் ஆளுக்கொரு முழங்கால் மேலும் வருகிற மாதிரி, பட்டம் போலக் குறுக்காக விரிக்க வேண்டும். பிறகு குதிகால்களை ஒன்றாகச் சேர்த்து, முழங்கால்களை இரண்டு பக்கமும் விழ விடுகிறீர்கள். சோதிப்பவர் நடுமுனையை மட்டும் மேலே தூக்கிவிட்டால் வேலைக்கு வேண்டிய இடம் தெரியும். தொடை, வயிறு, இடுப்பு எல்லாம் துணிக்குள்ளேயே இருக்கும். கிருமி நீக்கிய கையுறை, மருந்துத் தண்ணீரால் துடைப்பு, வலி இல்லாத இடைவெளியில் விரல் நுழைப்பு, பார்த்த பிறகு "நாலு சென்டிமீட்டர் ஆயிருக்கு" என்று உங்களிடமே சொல்வது. மொத்தம் ஒன்றிரண்டு நிமிடம். முடிந்ததும் துணியை இறக்கிவிட்டுத்தான் அவர் கையுறையைக் கழற்ற வேண்டும்.

இதில் உங்கள் பங்கு இரண்டு. வலி ஏறும்போது கை வந்தால் "வலி முடியட்டும் சிஸ்டர்" என்று சொல்லுங்கள். வலியின்போது செய்யும் சோதனை அதிகம் நோகும். இடுப்பை மேலே தூக்கி இறுக்கிக்கொண்டால் தசை சுருங்கி இன்னும் நோகும் என்பதால், இடுப்பைப் படுக்கையில் அழுத்தி வாய் வழியாக நீளமாக மூச்சை விடுங்கள். தாங்க முடியாவிட்டால் "நிறுத்துங்க" என்று சொல்லலாம். சொன்னால் நிறுத்த வேண்டியது அவர்கள் கடமை.

எத்தனை தடவை? ஆபத்தில்லாத பிரசவத்தில், வலி முழு வேகம் பிடித்த பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரை. முதல் பிரசவத்தில் 5 சென்டிமீட்டரிலிருந்து முழுவதும் திறக்க 12 மணி நேரம் வரை ஆகலாம். அப்படிக் கணக்குப் போட்டால் மூன்று, நான்கு முறை. பனிக்குடம் உடைந்தாலோ, குழந்தையின் இதயத்துடிப்பு மாறினாலோ, முக்க வேண்டும் போலத் தோன்றினாலோ கூடுதலாக ஒன்றிரண்டு. வலி வரவைக்க மருந்து வைத்தால் இன்னும் சில. இதற்கு மேல் போனால் காரணம் கேட்பதில் தவறில்லை. பனிக்குடம் உடைந்த பிறகு ஒவ்வொரு உள்சோதனையும் கிருமி உள்ளே போக ஒரு வழி. எனவே எண்ணிக்கையைக் குறைப்பது கூச்சத்துக்காக மட்டும் கேட்கிற சலுகை ஆகாது. உங்களுக்கும் குழந்தைக்கும் காய்ச்சல் வராமல் காக்கிற வழியும் அதுதான்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்பதால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே ஸ்டாஃப் நர்ஸ், ஹவுஸ் சர்ஜன் (பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர்), பி.ஜி. டாக்டர் (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்), யூனிட் டாக்டர், நர்சிங் மாணவிகள், ஆயாம்மா என்று பலர் நடமாடுவார்கள். ஒரே சோதனையை ஹவுஸ் சர்ஜன் ஒருமுறை, பி.ஜி. ஒருமுறை, பெரிய டாக்டர் ஒருமுறை என்று செய்வதுதான் எண்ணிக்கை ஏறுவதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒரே பெண்ணைப் பலர் மாறி மாறி உள்சோதனை செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. நீங்கள் சொல்ல வேண்டிய வாக்கியம்: "மேடம், இப்பத்தான் ஒருத்தர் பாத்தாங்க, ஷீட்ல எழுதியிருக்காங்க. ஒருத்தரே பாருங்க மேடம்." மாணவர்கள் கற்றுத்தான் ஆக வேண்டும், நாளைக்கு இன்னொரு பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறவர்கள் அவர்கள்தான். ஆனாலும் உங்கள் உடம்பைத் தொட்டுக் கற்பதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். "ஒருத்தர் மட்டும், அதுவும் பொம்பளப் பிள்ளையா இருந்தா பரவாயில்ல" என்று சொல்லலாம். மறுத்தால் சிகிச்சை குறையக்கூடாது.

இனி ஆண் டாக்டர். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மகப்பேறுப் பிரிவில் பெண் டாக்டர்களே அதிகம் என்பதால் பகலில் சிக்கல் வருவது அரிது. இரவு டியூட்டியில் யார் இருப்பார்கள் என்பதை யாரும் முன்கூட்டி உறுதி கொடுக்க முடியாது. அதோடு மயக்க மருந்து கொடுப்பவர், குழந்தை டாக்டர், தியேட்டர் டெக்னீசியன் ஆகியோர் ஆணாக இருக்கலாம். ஆண் டாக்டர்தான் சோதிக்க வேண்டும் என்ற நிலை வந்தால் ஒரு பெண் பணியாளர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் மாநிலங்களுக்கு அனுப்பிவைத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இது இருக்கிறது. உங்கள் விருப்பத்தை வலி வந்த அன்று வாசலில் நின்று சொல்லாமல், ஒன்பதாம் மாதச் செக்கப்பிலேயே சொல்லி, "பெண் மருத்துவர் விருப்பம், இயலாதபோது பெண் பணியாளர் உடனிருக்க" என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியது டியூட்டி மாறினாலும் நிற்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சு கண்டிப்பாக இருக்கும். குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி வெளியே வந்துவிடுவது, தலை வந்து தோள் சிக்கிக்கொள்வது, பிறந்த பிறகு ரத்தம் கொட்டுவது, வலிப்பு ஆகிய நான்கிலும் நிமிடக் கணக்குதான். அப்போது ஐந்தாறு பேர் ஓடி வருவார்கள், ஆணா பெண்ணா என்று பார்க்க நேரம் இருக்காது, துணியை யாரும் சரிசெய்ய மாட்டார்கள். அந்த நேரத்தில் வந்தவரை வந்தபடி ஏற்றுக்கொள்ளுங்கள். அதை வீட்டாருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். மருமகளை ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று தியேட்டர் வாசலில் நடக்கும் ஐந்து நிமிட வாக்குவாதத்தில் இரண்டு உயிர் போகக்கூடும்.

கூச்சத்தால் நேரும் கெடுதல் பெரும்பாலும் இப்படி நாடகத்தனமாக வருவதில்லை. சத்தமில்லாமல் சிறுநீர் விஷயத்தில் வருகிறது. ஸ்க்ரீன் இல்லாத வார்டில் பெட்பேன் வைத்துக்கொள்ள வெட்கப்பட்டு மணிக்கணக்காக அடக்கி வைப்பார்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்க வேண்டிய வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். பிறந்த பிறகும் அது நிரம்பியே இருந்தால் கர்ப்பப்பை இறுகிச் சுருங்க முடியாமல் ரத்தப்போக்கு கூடும். கடைசியில் டியூப் விட்டுச் சிறுநீரை எடுப்பார்கள். பெட்பேனைவிட அதற்குத்தான் அதிகம் திறக்க வேண்டியிருக்கும். ஆகவே நடக்க முடிகிற வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்குப் போய்விடுங்கள், உள்ளே தாழ்ப்பாள் போடாமல் துணைக்கு வந்தவரைக் கதவுக்கு வெளியே நிறுத்துங்கள். நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டால் பெட்பேனை இடுப்புக்கு அடியில் வைத்ததும் மேலே பெட்ஷீட் போர்த்தி, தலைப்பக்கத்தை உயர்த்தி, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். சிறுநீர் தானாக வரும்.

பனிக்குடம் உடைந்ததைச் சிறுநீர் போய்விட்டது என்று நினைத்து வெட்கப்பட்டு மறைப்பதும் உண்டு. ஒரு நாப்கினை வைத்து அரைமணி கழித்துப் பாருங்கள். அடக்க முடியாமல் கசிந்துகொண்டே இருந்தால், மூத்திர வாடை இல்லாவிட்டால் உடனே சொல்ல வேண்டும். பச்சை அல்லது பழுப்பு நிறமாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் போயிருக்கிறது, அது இன்னும் அவசரம்.

யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: முக்கும்போது மலம் வந்துவிட்டால்? பலருக்கு வரும். குழந்தையின் தலை மலக்குடலை முன்னாலிருந்து அழுத்திக்கொண்டு இறங்குகிறது. உள்ளே இருப்பது வெளியே வந்துதான் ஆக வேண்டும். பிரசவம் பார்க்கிறவர்களுக்கு அது தலை கீழே வந்துவிட்டது என்கிற நல்ல அடையாளம். ஒரு துணியால் துடைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இதற்குப் பயந்து முக்காமல் அடக்கிக்கொண்டால் கடைசிக் கட்டம் நீளலாம். முன்கூட்டியே மலத்தை வெளியேற்ற எனிமா கொடுப்பதும் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. அதனால் பெரிய நன்மை இல்லை. தண்ணீராகப் போய் இடம் இன்னும் அசுத்தமாவதும் உண்டு. கீழே முடியை முழுக்க மழிப்பதும் தேவையில்லை. பிளேடு படும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து கிருமி தங்கும். ஊரில் "ஷேவ் பண்ணிட்டு வா" என்று சொல்லி அனுப்பினால், வீட்டிலேயே கத்தரியால் குட்டையாக நறுக்கிக்கொண்டு போங்கள். அங்கே இன்னொருவர் கையால் மழிக்கும் சங்கடமும் இருக்காது.

பிரசவ மேஜைக்கு வருவோம். அறைக்குள் போனதும் முதலில் பார்க்க வேண்டியது மேஜையின் கால்பக்கம் எதைப் பார்த்து இருக்கிறது என்பது. கதவைப் பார்த்து இருந்தால், கதவு திறக்கும்போதெல்லாம் வராந்தாவில் போகிறவர் கண்ணுக்குப் படும். மேஜையைத் திருப்ப முடிந்தால் திருப்பச் சொல்லுங்கள், முடியாவிட்டால் மூன்று மடிப்பு ஸ்க்ரீனைக் கால்பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள். பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017 டிசம்பரில் தொடங்கிய லக்ஷ்யா திட்டத்தின் தர அளவுகோலில், பிரசவ மேஜைகளுக்கு நடுவே திரையோ தடுப்போ இருப்பது பார்க்கப்படும் அம்சங்களில் ஒன்று. ஆகவே "ஸ்க்ரீன் போடுங்க" என்று நீங்கள் கேட்பது அந்த மருத்துவமனை ஏற்கெனவே செய்ய வேண்டிய வேலையைத்தான்.

தலை தெரியும் வரை இடுப்புக்குக் கீழே பெட்ஷீட் இருக்கலாம். மல்லாந்து காலைத் தூக்கிக் கட்டிய நிலையில்தான் பெற வேண்டும் என்பது கிடையாது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து மேல்காலை மட்டும் துணைக்கு வந்தவர் தாங்கிப் பிடித்தால், முன்பக்கம் முழுக்க மூடியிருக்கும். பின்னால் நிற்கும் நர்ஸுக்கு மட்டும் இடம் தெரியும். கூச்சம் அதிகமுள்ளவர்களுக்கு இதைவிட வசதியான நிலை இல்லை, கிழிசலும் குறையலாம். எல்லா நர்ஸும் இதற்குப் பழகியிருக்க மாட்டார்கள் என்பதால் முன்னதாகவே கேட்டுப் பாருங்கள். தையல் நேரத்தில்தான் பலர் மூடுவதை மறந்துவிடுகிறார்கள். குழந்தை வந்த சந்தோஷத்தில் அறையே கலகலப்பாகி, கதவு திறந்து திறந்து மூடும். நீங்கள் விளக்கு வெளிச்சத்தில் கால் விரித்தபடி அரைமணி நேரம் இருப்பீர்கள். இரண்டு கால்களுக்கும் தனித்தனித் துணி போர்த்தி, வயிற்றிலிருந்து மூன்றாவது துணியைப் போடச் சொல்லுங்கள். குழந்தையை உங்கள் வெற்று மார்பின் மேல் போட்டு இருவரையும் சேர்த்து ஒரு காய்ந்த துண்டால் மூடினால் உங்கள் மேற்பாதியும் மறைந்துவிடும், குழந்தைக்குச் சூடும் குறையாது.

துணைக்கு யாரை வைத்துக்கொள்வது என்பதை நன்றாக யோசியுங்கள். 2016-ல் மத்திய அரசு அனுப்பிய வழிகாட்டலின்படி அரசு மருத்துவமனையில் ஒருவர் உடனிருக்கலாம்: பெண் உறவினர், முடிந்தால் பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவர், தொற்றுநோய் இல்லாதவர், சுத்தமான உடையில், இடையில் ஆள் மாறாமல், மற்ற பெண்களிடம் போகாமல். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. கணவரை விடுவார்களா என்று பலர் கேட்கிறார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி மறைப்பு உள்ள அறையாக இருந்தால் விடலாம் என்று அதே வழிகாட்டல் சொல்கிறது. நான்கு மேஜை வரிசையாக உள்ள அறையில் விடமாட்டார்கள், காரணம் மற்ற மூன்று பெண்களின் மானம். இதில் நான் மருத்துவமனை பக்கம்தான். அம்மாவா, மாமியாரா, அக்காவா என்பதில் வீட்டு மரியாதையைப் பார்க்காதீர்கள். உங்களை நனைந்த துணியோடு பார்த்தால் யார் முன்னால் நீங்கள் சுருங்க மாட்டீர்களோ, அவர்தான் சரியான ஆள். அவருக்கு மூன்று வேலை கொடுங்கள்: ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் துணியை இறக்கிவிடுவது, யாராவது வந்தால் "ஒரு நிமிஷம், ஸ்க்ரீன் போட்டுட்டு வாங்க" என்று நீங்கள் சொல்ல முடியாதபோது சொல்வது, உங்கள் தலைப்பக்கமே நிற்பது.

ஆபரேஷன் என்று முடிவானால் நிலைமை கொஞ்சம் மாறும். தியேட்டரில் உள்ளாடை, நகை எதுவும் இருக்கக்கூடாது. ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்க மின்கருவி பயன்படுத்துவதால் உலோகம் பட்ட இடத்தில் தோல் கருகலாம். தாலியைக் கழற்றுவது பலருக்கு மனசை உலுக்கும். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டி முதல் நாளே மாற்றிக்கொண்டு, பொன்னை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தால் அவசரத்தில் யாரோ ஒரு அட்டெண்டர் கையில் கொடுக்க வேண்டியிருக்காது. முதுகில் ஊசி போட முதுகை மட்டும் திறந்தால் போதும். உட்காரவைத்து முன்பக்கம் கவுனைத் தொங்கவிட்டு இடுப்பைச் சுற்றித் துணி கட்டலாம். "யூரின் டியூபை முதுகுல ஊசி போட்டு மரத்த பிறகு போடுங்க" என்று கேளுங்கள். வலியும் தெரியாது, வார்டில் வைத்துத் திறக்க வேண்டியதும் இல்லை. மருந்து தடவும்போது மார்புக்குக் கீழிருந்து தொடை நடுவரை திறப்பார்கள். அது சில நிமிடம்தான், பிறகு பச்சைத் துணியால் முழுக்க மூடி வயிற்றில் ஒரு சிறு இடத்தை மட்டும் விடுவார்கள். அந்தச் சில நிமிடங்களில் மருத்துவ வேலை இல்லாதவர் உள்ளே நிற்கத் தேவையில்லை. சக்கரப் படுக்கையில் வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது கால்வரை போர்வை இருக்கிறதா என்று பார்க்க வாசலில் நிற்கும் உங்கள் வீட்டுப் பெண் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். உங்களுக்கு அப்போது இடுப்புக்குக் கீழே உணர்வே இருக்காது.

கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி பற்றி ஒரு வார்த்தை. நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிடத்துக்குள், அல்லது 48 மணி நேரத்துக்குள் அதை வைக்க முடியும். நல்ல சாதனம்தான். ஆனால் வலியில் துடிக்கிற பெண்ணிடம் "வச்சிரலாமாம்மா" என்று கேட்டு வாங்கும் தலையாட்டல் சம்மதம் ஆகாது. செக்கப்புக்குப் போகும்போதே கேட்டு, வேண்டுமா வேண்டாமா என்று நோட்டில் எழுதச் சொல்லிவிடுங்கள். வைத்தார்களா என்று வீட்டுக்குப் போகுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

போன் விஷயத்தில் தயங்கவே வேண்டாம். பிரசவ அறையில் யார் கையிலும் கேமரா உயரக்கூடாது, அது பணியாளராக இருந்தாலும், ஆசையாகப் படம் எடுக்கும் உங்கள் நாத்தனாராக இருந்தாலும். குழந்தையைத் துடைத்துப் போர்த்திய பிறகு, உங்களை விட்டுத் தள்ளிவைத்து எடுக்கட்டும். வராந்தாவிலும் வாசலிலும் குழந்தைத் திருட்டுக்குப் பயந்து கண்காணிப்புக் கேமரா வைப்பது நியாயம். சோதனை அறைக்குள்ளும் மேஜைக்கு நேரேயும் இருக்கக்கூடாது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சோதனை அறைக் காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கே போனது வெளிவந்தது. கூரையையும் சுவர் மூலைகளையும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். கேமரா இருந்தால் மூடச் சொல்லுங்கள். அந்தரங்க உறுப்பைச் சம்மதமின்றிப் படம்பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஈ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கக்கூடிய குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவும் பொருந்தும்.

உடம்பைப் போலவே செய்திக்கும் மறைப்பு உண்டு. முன்பு கருக்கலைப்பு செய்திருந்தால், கரு தானாகக் கலைந்திருந்தால், அது கேஸ் ஷீட்டில் எழுதப்பட வேண்டிய தகவல். நஞ்சுக்கொடி ஒட்டிக்கொள்வது, ரத்தப்போக்கு முதலியவற்றுக்கு டாக்டர் தயாராக அது தேவை. வீட்டில் தெரியாது என்பதற்காக டாக்டரிடமும் மறைத்துவிடாதீர்கள். எடை பார்க்கும்போதோ சோதனை அறையிலோ தனியாக இருக்கும் நேரத்தில், "இது என் வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது மேடம், அவங்க முன்னால கேக்காதீங்க" என்று சொல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களின் விவரத்தை அவர்கள் சம்மதமின்றி வெளியிடுவது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. கேஸ் ஷீட்டின் மேல் அட்டையில் சிவப்பு மையில் எழுதுவதும், வார்டில் கட்டில் எண்ணோடு கத்திச் சொல்வதும் அதில் அடங்கும். திட்டுவது, "அப்ப நல்லா இருந்துச்சா" என்று கேட்பது போன்ற வார்த்தைகள் எந்த வேலை நெருக்கடியிலும் மன்னிக்கத்தக்கவை இல்லை. அப்படி நடந்தால் தேதி, நேரம், எந்த ஷிஃப்ட் என்று குறித்துக்கொண்டு நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் சொல்லலாம். குழந்தையோடு வீடு வந்து சேர்ந்த பிறகு கொடுத்தாலும் போதும்.

பிறந்த பிறகு முதல் இரண்டு மணி நேரம் கால்மணிக்கு ஒருமுறை வயிற்றை அழுத்தி, நாப்கினைப் பார்ப்பார்கள். இதற்கு மட்டும் கூச்சப்பட்டு "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிடாதீர்கள். அரைமணிக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே கூப்பிட்டுக் காட்டுங்கள். தையல் போட்ட பக்கம் வலி நேரம் ஆக ஆகக் கூடினாலோ, மலம் வருவது போல அழுத்தம் இருந்தாலோ உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டிருக்கலாம். அதையும் திறந்து காட்டியே ஆக வேண்டும். வார்டில் பால் கொடுக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பி உட்காருங்கள், பார்க்க வருகிற ஆண்களைப் பத்து நிமிடம் வெளியே நிறுத்தத் துணைக்கு இருப்பவரிடம் சொல்லுங்கள். துப்பட்டாவால் போர்த்தும்போது உங்கள் தோளையும் மார்பையும் மட்டும் மூடி, குழந்தையின் மூக்கு தெரிகிற மாதிரி ஓர் ஓரத்தைத் தூக்கி விடுங்கள். முழுக்க மூடிவிட்டால் குழந்தை மார்க்காம்பைச் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று உங்களுக்கே தெரியாது, காம்பு வெடித்துப்போகும்.